செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப்: ராமா, எஸ்எஸ்டியா, எஸ்எம்பிஎஸ்ஸா?

கே: ரிச்சி ஸ்ட்ரீட்டில் டெல் ஆப்டிபிளெக்ஸ் 3020 வாங்கினேன். ஐ3-4130, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். ஆன் செய்து வேலையைத் தொடங்க ஐந்து நிமிடம் ஆகிறது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறது. இப்போதைக்கு ஒன்றுதான் வாங்க முடியும். ராமா, எஸ்எஸ்டியா? (விருத்தாசலம்)

ப: எஸ்எஸ்டி, அதாவது சிப்பில் சேமிக்கும் டிஸ்க். யோசிக்கவே வேண்டாம். விண்டோஸ் கிளம்பும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடிப் படிக்கிறது. ஹார்டு டிஸ்க்கின் முள் ஒவ்வொன்றுக்கும் இடம்விட்டு இடம் போக வேண்டும். ஒரு நொடிக்கு நூறு முறை போய்வந்தாலே பெரிது. எஸ்எஸ்டியில் நகரும் பாகம் எதுவும் இல்லை என்பதால் அந்த வேலை நொடிக்குப் பல ஆயிரம் முறை நடக்கிறது. டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்பது இந்த நெரிசலைத்தான் காட்டுகிறது.

ஹார்டு டிஸ்க் போலவே கேபிளில் மாட்டும் 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி வாங்குங்கள், 240 அல்லது 256 ஜிபி போதும். கடையில் எம்.2 என்று, போர்டிலேயே சொருகும் பட்டை ஒன்றை நீட்டுவார்கள், வேண்டாம். உங்கள் போர்டில் அதற்கான ஸ்லாட் இல்லை. பிசிஐஇ அடாப்டரில் போட்டாலும் அந்தக் காலத்து பயாஸ் (கம்ப்யூட்டரைக் கிளப்பும், போர்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) என்விஎம்இ வகை எம்.2 டிஸ்க்கிலிருந்து பூட் ஆகாது.

மாட்டும்போது, போர்டில் சாட்டா0 என்று எழுதியிருக்கும் போர்ட்டை எஸ்எஸ்டிக்குக் கொடுங்கள். உங்கள் போர்டின் எச்81 சிப்செட்டில் எல்லாப் போர்ட்டும் ஒரே வேகம் கிடையாது. முழு 6 ஜிகாபிட் வேகம் இரண்டில்தான். எஸ்எஸ்டியைப் பொருத்த 3.5 இன்ச் தட்டு இல்லையென்றால் இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டினாலும் ஒன்றும் ஆகாது, அதில் அதிர்வதற்கு எதுவும் இல்லை.

முக்கியமான விஷயம்: விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும்போது பழைய ஹார்டு டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வையுங்கள். இல்லாவிட்டால் பூட் ஃபைல்கள் பழைய டிஸ்க்கிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு என்றைக்காவது அதைக் கழற்றினால், நல்ல எஸ்எஸ்டி இருந்தும் கம்ப்யூட்டர் கிளம்பாது. விண்டோஸ் 10 ஏற்கெனவே ஆக்டிவேட் ஆகியிருந்தால் கீ தேட வேண்டியதில்லை. லைசென்ஸ் மதர்போர்டோடு கட்டப்பட்டிருப்பதால், அதே எடிஷனைப் போட்டு நெட் கொடுத்ததும் தானே ஆக்டிவேட் ஆகும்.

அடுத்த மாதம் கை கொஞ்சம் தாராளமானால் இன்னொரு 4 ஜிபி ராம். அதே அளவில் இரண்டாகப் போட்டால் டூயல் சேனலில் ஓடும். பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் ராமிலிருந்துதான் கடன் வாங்குகிறது, அதற்கும் லாபம்.

கே: ஆன்லைனில் 8 ஜிபி டிடிஆர்3 ராம் மலிவாகக் கிடைத்தது. போட்டால் டிஸ்ப்ளே வரவில்லை, நீளமாக பீப் அடிக்கிறது. பழையதைப் போட்டால் ஓடுகிறது. நண்பனின் ஏஎம்டி சிஸ்டத்தில் இதே ராம் வேலை செய்கிறது. என் ஸ்லாட் போய்விட்டதா?

ப: ஸ்லாட் நன்றாகவே இருக்கிறது, ராம்தான் உங்களுக்கானது இல்லை. விற்பவரின் பக்கத்தில் பொடி எழுத்தில் "ஏஎம்டி மட்டும்" என்று இருக்கும், பாருங்கள். அந்த ராமில் உள்ள சிப்களின் உள்ளமைப்பை ஏஎம்டியின் மெமரி கன்ட்ரோலர் ஏற்கும், இன்டெல் ஏற்காது. திருப்பிக் கொடுங்கள். எச்61, எச்81 போன்ற இன்டெல் போர்டுகளுக்கு வாங்கும்போது, 8 ஜிபி என்றால் இரண்டு பக்கமும் எட்டெட்டாகப் பதினாறு சிப் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்டு ராமும் இதே மாதிரி மலிவாக வரும், அதுவும் ஓடாது. லேபிளில் 1.35 வோல்ட் என்று போட்டிருக்கும் டிடிஆர்3எல் ராமை மட்டும் பயமில்லாமல் வாங்கலாம். அது 1.5 வோல்ட்டிலும் ஓடும்.

பழைய ராமே ஒருநாள் இப்படி பீப் அடித்தால் முதல் வைத்தியம் ரப்பர்தான். பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி, ராமைக் கழற்றி, தங்க நிறக் காலை வெள்ளை ரப்பரால் நீளவாக்கில் மெல்லத் தேயுங்கள். துகள் ஒன்றுகூட ஸ்லாட்டில் விழக்கூடாது. விழுந்தால் பழைய கோளாறோடு புதியதும் சேரும்.

கே: அசெம்பிள்டு எச்61 சிஸ்டம். கொஞ்ச நாளாகத் தேதி 2012-க்குப் போய்விடுகிறது, எந்த வெப்சைட்டும் திறப்பதில்லை. நேற்றிலிருந்து விண்டோஸ் லோகோ வந்ததும் நீலத் திரை. கடைக்காரர் ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்கிறார். (ராஜபாளையம்)

ப: ஹார்டு டிஸ்க்குக்குக் காசு கொடுப்பதற்கு முன் சிஆர்2032 பட்டன் பேட்டரி ஒன்று வாங்குங்கள். உங்கள் மூன்று தொல்லைக்கும் காரணம் அது ஒன்றாகவே இருக்கலாம்.

மெயின் கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவதும் பயாஸ் செட்டிங்கைக் காப்பதும் அந்த 3 வோல்ட் பேட்டரிதான். அது சோர்ந்தால் தேதி பின்னுக்குப் போகும். தேதி தப்பானால் வெப்சைட்களின் பாதுகாப்புச் சான்றிதழ் எல்லாம் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று பிரவுசருக்குத் தோன்றும், அதனால் திறக்காது. நீலத் திரை அடுத்த கட்டம். உங்கள் விண்டோஸ் ஏஹெச்சிஐ முறையில் இன்ஸ்டால் ஆகியிருக்கும். பேட்டரி செத்ததும் பயாஸ் தன் பழைய வழக்கமான ஐடிஇ முறைக்குத் திரும்பிவிடுகிறது. டிஸ்க்கிடம் பேசும் பாஷையே மாறிவிட்டதால் விண்டோஸ் தடுமாறி விழுகிறது.

பேட்டரியை மாற்றி, டெலீட் கீயைத் தட்டி பயாஸுக்குள் போய், தேதியைச் சரிசெய்து, சாட்டா மோடை ஏஹெச்சிஐ என்று வைத்து, எஃப்10 கொடுத்துச் சேமியுங்கள். மல்டிமீட்டர் இருந்தால் பழைய பேட்டரியை அளந்து பாருங்கள், 2.8 வோல்ட்டுக்குக் கீழே என்றால் தயங்காமல் தூக்கிப் போடலாம். அதற்குப் பிறகும் நீலத் திரை வந்தால்தான் டிஸ்க்கைச் சந்தேகிக்க வேண்டும்.

கே: கேபினட்டைத் தொட்டால் விர்ரென்று இழுக்கிறது. டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரிகிறது. எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) மாற்றியும் போகவில்லை.

ப: புது எஸ்எம்பிஎஸ்ஸிலும் அப்படித்தான் இருக்கும். உங்கள் வீட்டுச் சுவரில் எர்த் இல்லை.

எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில், இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறிய கெப்பாசிட்டர்கள் இருக்கும். ஒன்று பேஸிலிருந்து கேபினட்டுக்கு, இன்னொன்று நியூட்ரலிலிருந்து கேபினட்டுக்கு. எர்த் இருந்தால் அந்த வழியே வரும் கசிவு மண்ணுக்குள் போய்விடும். இல்லையென்றால் 230 வோல்ட்டில் பாதி, ஏறக்குறைய 115 வோல்ட், கேபினட்டின் தகட்டில் நிற்கும். கசிவு பொதுவாக ஒரு மில்லியாம்பியருக்கும் குறைவு என்பதால் விர்ரென்பதோடு நிற்கிறது. ஆனால் அந்த நிலையில் டிவியின் ஹெச்டிஎம்ஐ கேபிளைச் சொருகினால் போர்ட் கருகலாம். செருப்பில்லாமல் ஈரத்தரையில் நின்றுகொண்டு தொடவே வேண்டாம்.

எலெக்ட்ரீஷியனை அழைத்து பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே நூறு வாட் குண்டு பல்பைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் எரிவது போலவே பளிச்சென்று எரிந்தால் எர்த் நலம், மங்கினால் பழுது. கசிவு வந்தால் கரண்டை வெட்டும் ஆர்சிசிபி உள்ள வீட்டில் பல்பைப் போட்டதுமே ட்ரிப் ஆகும், அதுவும் எர்த் இருப்பதற்கு அடையாளம்தான். எர்த் குழி காய்ந்து கிடப்பது நம் ஊர்க் கோடையில் சகஜம், தண்ணீர் ஊற்றினாலே சில வீடுகளில் சரியாகிறது. மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக்கும் கன்வெர்ட்டர் நடுவில் இருந்தால் அதை முதலில் எடுங்கள்.

சில இடங்களில் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து "சரியாகிவிட்டது" என்று போய்விடுகிறார்கள். இழுப்பது நிற்கும்தான். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் கேபினட்டில் முழு 230 வோல்ட் ஏறும். யார் செய்தாலும் விடாதீர்கள்.

கே: வீடியோ எடிட்டிங் தொடங்கி இருபது நிமிடத்தில் பட்டென்று அணைந்துவிடுகிறது. ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று இருக்கிறது. (திருப்பூர்)

ப: 41 என்பது முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்ற தகவல் மட்டும்தான், ஏன் என்று அது சொல்லாது. நீங்கள்தான் பிரித்தறிய வேண்டும்: சூடா, எஸ்எம்பிஎஸ்ஸா?

கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருளை ஓடவிட்டு எடிட்டிங்கைத் தொடங்குங்கள். நான்காம் தலைமுறை இன்டெல் 100 டிகிரியில் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும். அதையும் மீறினால் அணைந்துவிடும். 95-ஐத் தொட்டுவிட்டு அணைகிறது என்றால் சூடு. 65, 70-லேயே அணைகிறது என்றால் எஸ்எம்பிஎஸ் பக்கம் போங்கள்.

சூடு என்றால், பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே பூசிய பத்து வருடப் பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்திருக்கும். இன்டெல் கூலரின் நான்கு கால்களின் தலையிலும் ஓர் அம்புக்குறி இருக்கும். ஒவ்வொன்றையும் அந்தத் திசையில் திருப்பினால் பூட்டு விடும், பிறகு மேலே இழுங்கள். டெல், எச்பி பெட்டிகளில் ஸ்க்ரூ. குறுக்காக மாற்றி மாற்றித் தளர்த்த வேண்டும். பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். கை சானிட்டைசரில் கிளிசரின் கலந்திருப்பதால் அது பிசுபிசுப்பை விட்டுவிடும். புதுப் பேஸ்ட் நடுவில் ஒரு துவரம் பருப்பு அளவு. கூலர் அழுத்தும்போது அதுவே பரவும், விரலால் தடவ வேண்டாம். திரும்ப மாட்டும் முன் நான்கு கால்களையும் அம்புக்கு எதிர்த்திசையில் திருப்பி வைத்து, எதிரெதிர் மூலைகளாக "டக்" சத்தம் வரும்வரை அழுத்துங்கள். பிறகு போர்டின் பின்பக்கம் பாருங்கள்: ஒவ்வொரு காலின் வெள்ளை நுனியும் பிளந்து, நடுவில் கறுப்புக் குச்சி இறங்கியிருக்க வேண்டும். மூன்று கால் பிடித்து ஒரு கால் தொங்கினாலும் ஒரு மூலை தூக்கி நிற்கும், சூடு பழையபடி ஏறும். புதுப் பேஸ்ட் போட்டும் சரியாகவில்லை என்று வருகிற சிஸ்டம்களில் பெரும்பாலும் இதுதான் கதை.

எஸ்எம்பிஎஸ் என்றால், எடிட்டிங் ஓடும்போதே டிஸ்க்குக்குப் போகும் கனெக்டர் ஒன்றில் மஞ்சள் ஒயரை அளங்கள். 11.4-க்கும் 12.6-க்கும் நடுவே இருக்க வேண்டும். சிவப்பு 4.75 முதல் 5.25 வரை. சும்மா இருக்கும்போது 12 காட்டி, வேலை கொடுத்ததும் 11.2-க்கு விழுந்தால் மாற்றிவிடுங்கள். ஸ்டிக்கரில் 450 வாட் என்று எழுதி, கையில் தூக்கினால் தக்கையாக இருக்கும் ரகத்தை மறுபடியும் வாங்காதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும்.

கே: மானிட்டரில் ஹெச்டிஎம்ஐ, சிபியுவில் டிஸ்ப்ளே போர்ட். கேபிள் வாங்கினேன், படம் வரவில்லை.

ப: கேபிளின் திசை தப்பு. "டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து ஹெச்டிஎம்ஐக்கு" என்று கேட்டு வாங்குங்கள். "ஹெச்டிஎம்ஐயிலிருந்து டிஸ்ப்ளே போர்ட்டுக்கு" என்பது பார்க்க அச்சாக ஒன்றுபோல் இருந்தாலும் திருப்பிப் போட்டால் ஓடாது.

கே: பையன் கேம் விளையாட ஜிடி 1030 கிராபிக்ஸ் கார்டு வாங்கலாமா? எங்களுடையது ஆப்டிபிளெக்ஸ் 9020, ஒல்லியான எஸ்எஃப்எஃப் பெட்டி.

ப: வாங்கலாம், 30 வாட்தான் தின்னும், தனி பவர் கேபிள் வேண்டாம். ஒல்லிப் பெட்டிக்கான குட்டைப் பட்டை (லோ ப்ரொஃபைல்) கார்டோடு வருகிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் கார்டு உள்ளே போகாது. இதே பெயரில் இரண்டு கார்டு விற்கிறது. ஜிடிடிஆர்5 மெமரி உள்ளது ஒன்று, டிடிஆர்4 மெமரி உள்ளது இன்னொன்று. முதலாவதின் மெமரி வேகம் நொடிக்கு 48 ஜிபி, இரண்டாவதில் 17 ஜிபிகூட இல்லை. டிடிஆர்4 வேண்டவே வேண்டாம். பழைய கார்டு வாங்குவதானால், கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். பழைய கார்டின் பயாஸை மாற்றி 1050 டிஐ என்று விற்கும் போலிகளை அது பெரும்பாலும் பிடித்துவிடும்.

பெரிய கார்டுக்காக எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும் எண்ணம் இருந்தால் ஒன்று. 9020, 3020 போர்டில் வழக்கமான 24 பின் கிடையாது, டெல்லுக்கே உரிய 8 பின். மாற்று அடாப்டர் கிடைக்கும். ஆனால் ஒல்லிப் பெட்டிக்குள் சாதாரண எஸ்எம்பிஎஸ் நுழையவே நுழையாது.

கே: விண்டோஸ் 10-ஐ இனி வைத்துக்கொள்ளலாமா? 11 போட முடியுமா?

ப: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, இன்டெல்லில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை முதல். பூட் பென் டிரைவ் தயாரிக்கும் ரூஃபஸ் மென்பொருள் வழியாக அந்தச் சோதனையைத் தாண்டி நான்காம் தலைமுறையில் போடலாம், ஓடும். அப்டேட்டுக்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தராது. கோர் 2 டுவோவில் விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பு கிளம்பவே கிளம்பாது, அதற்கு வேண்டிய கட்டளைகள் அந்த பிராசசரில் இல்லை.

பிரவுசர், யூடியூப், கடிதம் தட்டச்சு அளவில் போதும் என்றால் லினக்ஸ் மின்ட் 22 எக்ஸ்எஃப்சிஇ போடுங்கள். 2029 வரை ஆதரவு உண்டு, தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கிறது. டேலி வேண்டுமென்றால் விண்டோஸிலேயே இருங்கள்.

கே: பழைய சிஸ்டம் வாங்கப் போகும்போது கடையிலேயே எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ப: முதலில் பயாஸுக்குள் நுழையுங்கள். டெல் எஃப்2, எச்பி எஃப்10, லெனோவோ எஃப்1. பாஸ்வேர்டு கேட்டால் அந்தப் பெட்டியை அங்கேயே வைத்துவிடுங்கள். கம்பெனியிலிருந்து கழித்துக் கட்டும்போது யாரோ எடுக்க மறந்தது, பிறகு உங்கள் தலைவலி. பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து, பிராசசரைச் சுற்றி நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். உப்பியோ பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் வேண்டாம்.

டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளைப் பென் டிரைவில் கொண்டு போங்கள். 05, சி5, சி6 வரிசைகளின் கடைசிக் கட்டத்தில் பூஜ்யம் இருக்க வேண்டும். சி5-இல் எண் இருந்தால் படிக்கத் திணறும் இடங்கள் டிஸ்க்கில் உண்டு. அதில் போட்டோ வைக்காதீர்கள். சி7 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டாம், பெரும்பாலும் சாட்டா கேபிள்தான் காரணம். பல வருடம் ஆபீஸில் இரவு பகலாக ஓடிய டிஸ்க் முப்பதாயிரம் மணி நேரம் காட்டினால் ஆச்சரியமில்லை. "நல்ல டிஸ்க், புதுசு மாதிரி" என்பவரிடம் அந்த எண்ணைக் காட்டி, டிஸ்க் இல்லாமல் என்ன விலை என்று கேளுங்கள். எப்படியும் எஸ்எஸ்டி போடத்தானே போகிறீர்கள்.