மாநகராட்சிக்கு வக்கீலாகப் போகலாமா? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: என் மகள் கோயமுத்தூர் சட்டக் கல்லூரியில் கடைசி வருஷம். மாநகராட்சிக்கு வக்கீலாகணும் என்கிறாள். கலிபோர்னியாவில் இருக்கும் என் தம்பி, "இங்கே நகரத்தோட தலைமை வக்கீலை ஓட்டுப் போட்டே தேர்ந்தெடுக்கறாங்கக்கா" என்கிறான். நம்ம பக்கம் அப்படி ஒரு பதவி இருக்குதுங்களா? நம்பி இறங்கலாமா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: தம்பி சொல்வது சரிதாங்க. சான்பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ் இரண்டிலும் சிட்டி அட்டர்னி மக்கள் ஓட்டில் வருபவர். நியூயார்க்கில் மேயர் ஆளைச் சொல்ல, நகர மன்றம் ஒப்புதல் தரவேண்டும். அந்தத் தலைமை வக்கீலுக்குக் கீழே பல நூறு வக்கீல்கள் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். கமலா ஹாரிஸ் 2000-ல் சான்பிரான்சிஸ்கோ சிட்டி அட்டர்னி அலுவலகத்தில் குடும்பம், குழந்தைகள் பிரிவைக் கவனித்தவர், அப்புறம்தான் 2003-ல் மாவட்ட அட்டர்னி (குற்ற வழக்கு நடத்தும் தலைமை அரசு வக்கீல்) தேர்தலில் நின்று ஜெயித்தார்.

நம்ம ஊரில் அப்படி ஒரே நாற்காலி கிடையாது. கோவை 1981-லேயே மாநகராட்சி ஆகிவிட்டது, ஆனாலும் வேலை கோர்ட்டு வாரியாகப் பிரிந்துதான் கிடக்கிறது. முன்சீப் கோர்ட், சப் கோர்ட்டுக்கு உள்ளூர் வக்கீல்கள், சென்னை ஹைகோர்ட்டுக்கு ஸ்டாண்டிங் கவுன்சில் (மாநகராட்சி வழக்குகளைத் தொடர்ந்து நடத்த நியமிக்கப்பட்ட வக்கீல்). பெரும்பாலும் வழக்குக்கு இவ்வளவு என்று ஃபீஸ்தான், அதனால் சொந்தக் கட்சிக்காரர்களையும் (தன்னிடம் தனியாகக் கேஸ் கொடுப்பவர்களையும்) வைத்துக்கொண்டுதான் பிழைக்கவேண்டும். ஆட்சி மாறினால் பட்டியலும் மாறும், அதை மறைத்துப் பிரயோஜனம் இல்லை. அரசு வக்கீல்களைத் தகுதி பார்த்து, நியாயமான முறையில் நியமிக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் ஒரு பஞ்சாப் வழக்கில் சொல்லியிருக்கிறது. அது முழுசாக நடைமுறைக்கு வரவேண்டும் என்று நான் மனசார ஆசைப்படுகிறேன்.

மகளை முதலில் பார் கவுன்சிலில் பதிவு செய்யச் சொல்லுங்கள் (2024 தீர்ப்புக்குப் பிறகு பொதுப் பிரிவுக்குச் சட்டப்படி 750 ரூபாய்தான்), அகில இந்திய பார் தேர்வை எழுதி முடிக்கட்டும். அப்புறம் நல்ல சிவில் சீனியர் ஒருவரிடம் அஞ்சாறு வருஷம். பட்டா, சிட்டா, அ-பதிவேடு, எஃப்.எம்.பி. (நில அளவைப் படம்) நாலையும் பார்த்த உடனே படிக்கத் தெரியணும், மாநகராட்சி வழக்கில் முக்கால்வாசி நிலம்தான். பொறுமை இருந்தால் தாராளமாக இறங்கட்டும், நான் தடுக்கமாட்டேன்.

கேள்வி: மாநகராட்சி வக்கீல் மேயருக்கு வக்கீலா, கமிஷனருக்கா?
– வாசகர், திருப்பூர்

பதில்: வக்காலத்தில் கையெழுத்துப் போடுவது கமிஷனர், தீர்மானம் போடுவது மாமன்றம். ஆனால் கட்சிக்காரர் ஊர்தாங்க. "இந்த நோட்டீஸ் கோர்ட்டில் நிக்காது, அனுப்பாதீங்க" என்று கேஸ் வருவதற்கு முன்னாலேயே அதிகாரியின் முகத்துக்கு நேராகச் சொல்பவரைத்தான் நான் நல்ல வக்கீல் என்பேன். மத்தியப் பிரதேசத்தில் ரத்லாம் நகராட்சி, சாக்கடை கட்டக் காசில்லை என்று உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் வாதாடி 1980-ல் தோற்றது. தீர்ப்பு எழுதியவர் வி.ஆர்.கிருஷ்ணய்யர், நம்ம கணவாய்க்கு அந்தப் பக்கம் பாலக்காட்டில் பிறந்தவர். காசில்லை என்பது சுகாதாரக் கடமையிலிருந்து தப்பிக்கக் காரணமே ஆகாது என்று சொல்லிவிட்டார். அத்தனை கோர்ட் ஏறிய செலவில் கொஞ்சமாவது சாக்கடை கட்டியிருக்கலாமே என்று இன்றைக்கும் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

கேள்வி: எங்கள் லே-அவுட்டில் பூங்காவுக்கு விட்ட ரிசர்வ் சைட்டில் ஒருவர் காம்பவுண்டு கட்டி, தடையாணையும் வாங்கிவிட்டார். ஏன் இந்த வழக்குகளில் மாநகராட்சி தோற்கிறது?
– வாசகர், ஈரோடு

பதில்: சட்டம் இல்லாமல் தோற்பதில்லை, ஃபைல் இல்லாமல்தான் தோற்கிறார்கள். வாய்தாவுக்கு ஆள் வராமல் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆவதும் உண்டு. நான் ஜூனியராக இருந்தபோது ஒரு நகராட்சிக்கு இதே மாதிரி கேஸ். எதிர்த்தரப்பிடம் கிரயப் பத்திரம், வரி ரசீது எல்லாம் பளிச்சென்று இருக்கு, எங்களிடம் ஒன்றும் இல்லை. மூணு வாய்தா அவகாசம் கேட்டே போச்சு, நீதிபதிக்கும் கோபம். கடைசியில் நானும் அங்கிருந்த கிளார்க் அக்காவும் ஒரு சனிக்கிழமை பூரா ரெக்கார்டு ரூமில் உட்கார்ந்து கட்டுக் கட்டாகப் பிரித்தோம், சாயங்காலம் ஒரு நீல வரைபடம் கிடைத்தது. ஒரு மூலையைக் கரையான் தின்றிருந்தது, மடிப்பில் கிழிந்திருந்தது, ஆனால் சைட்டுக்கு நடுவில் "பூங்கா" என்ற எழுத்தும் கீழே அனுமதி முத்திரையும் அப்படியே இருந்தன. அந்த அக்கா அதை முந்தானையால் துடைத்துக் கொடுத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த ஒரு தாளை வைத்துத்தான் ஜெயித்தோம்.

அதனால் நீங்கள் சும்மா இருக்காதீங்க. அங்கீகரிக்கப்பட்ட லே-அவுட் வரைபடம், பொது இடத்தை ஒப்படைத்த தானப் பத்திரம் இரண்டுக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதி, சான்றிட்ட நகல் வாங்குங்கள். குடியிருப்போர் சங்கத்தின் பெயரிலேயே வழக்கில் தரப்பாகச் சேர மனுப் போடுங்கள். ஒரு செட் நகலை மாநகராட்சி வக்கீலின் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அடுத்த வாய்தா தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டு வாங்க.