பைனான்ஸ் ஆல்பா புள்ளி விதிகள் மாறிக்கொண்டே இருந்தால் என்ன செய்வது?

பைனான்ஸ் என்பது கிரிப்டோ வாங்கி விற்கும் தளம். அதன் ஆல்பா பகுதியில் டோக்கன் (கிரிப்டோ நாணயம்) வாங்குவோருக்குப் புள்ளி தருகிறார்கள். அவர்கள் வைத்த தகுதிப் புள்ளியை எட்டினால் புது டோக்கன் இலவசமாகக் கிடைக்கும்; அதுதான் ஏர்டிராப். விதி மாறும்போதெல்லாம் இன்னும் அதிகத் தொகைக்கு வாங்கி விற்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஒரு புள்ளிக்கு உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகிறது என்று முதலில் கணக்குப் போடுங்கள்.

நான் ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடம். இந்தத் திட்டம் 2025 ஏப்ரல் கடைசியில் வந்தபோது இங்கே மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு எதுவும் போகாது. சும்மா இருந்த தம்பிகள் சிலர் போனில் இதில் இறங்கினார்கள். அவர்களோடு உட்கார்ந்து போட்ட கணக்கையே இங்கே சொல்கிறேன்.

கடைசி 15 நாளில் சேர்ந்த புள்ளிதான் செல்லும். பைனான்ஸ் கணக்கில் இருப்பு 100 டாலருக்குக் குறையாமல், 1,000-க்குள் இருந்தால் நாளுக்கு 1 புள்ளி. அப்புறம் அன்றன்று வாங்கும் தொகைக்கு: 2 டாலருக்கு 1, 4-க்கு 2, 8-க்கு 3 என்று ஒவ்வொரு புள்ளிக்கும் தொகை இரட்டிக்கும். 4,096 டாலருக்கு வாங்கினால் 12 புள்ளி. பதின்மூன்றாவது புள்ளி ஒன்றுக்காக மட்டும் இன்னொரு 4,096 டாலருக்கு வாங்கி விற்றுச் சுற்ற வேண்டும். தகுதிப் புள்ளியை உயர்த்தியதும் எல்லோரும் மாட்டுவது இந்த இடத்தில்தான்.

கட்டணம், விலை வித்தியாசம் எல்லாம் சேர்ந்து 100 டாலருக்கு 10 சென்ட் போகிறது என்று வையுங்கள். 4,096-க்கு நாளுக்கு 4 டாலர். 15 நாளில் 60 டாலரைத் தாண்டும், ஐயாயிரம் ரூபாய். (சில டோக்கன்களுக்கு, வாங்கிய தொகையை இரண்டு மடங்காக எண்ணும் விதி வந்தது; அப்போது அதே புள்ளிக்குச் செலவு பாதி.) தடைக்கால நிவாரணமே 8,000 ரூபாய்தான் என்பதை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. வட்டிக்கு வாங்கி இதில் போடாதீர்கள்.

2025 மே 13 முதல் ஒவ்வொரு ஏர்டிராப் பெறும்போதும் 15 புள்ளி கழியும் என்று ஆனது. அதற்கு முன்பு வரை, சேர்த்த புள்ளி கழியாமலே தகுதியுள்ள எல்லா ஏர்டிராப்பையும் வாங்க முடிந்தது. மாறியதும், நாளுக்கு 13 புள்ளி சேர்ப்பவருக்கு ஒருமுறை வாங்கினாலே ஒரு நாளுக்கும் மேலான உழைப்பு போய்விடுகிறது. ஆகவே கண்ணில் பட்டதையெல்லாம் வாங்காமல் சின்னதை விட்டுவிடுங்கள். அதே வேகத்தில் 15 நாளில் சேருவது 195 புள்ளி. தகுதி அதற்கு மேலே போய்விட்டதா? துரத்தாமல் நிறுத்திவிடுங்கள்.

ஏர்டிராப் வேண்டும் என்று 24 மணி நேரத்துக்குள் உறுதி செய்ய வேண்டும் என்ற விதி கடலுக்குப் போகிறவர்களுக்குப் பெரிய இடைஞ்சல். நடுக்கடலில் சிக்னல் கிடையாது. அதற்காகக் கடவுச்சொல்லை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், பணம் போனால் திரும்பாது. தானியங்கி நிரலும் வேண்டாம். கண்டுபிடித்தால் தகுதியே போய்விடும்.

வரியையும் சேர்த்துப் பாருங்கள். 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரி. வாங்கிய விலையைத் தவிர வேறெந்தச் செலவையும் கழிக்க முடியாது. ஒரு டோக்கனில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் ஈடுகட்டவும் முடியாது. அதாவது புள்ளிக்காகச் சுற்றி இழந்த அந்த 60 டாலர், ஏர்டிராப்பை விற்ற லாபத்தின் வரியை ஒரு பைசா குறைக்காது. பரிவர்த்தனைப் பட்டியலை மாதாமாதம் இறக்கி வையுங்கள், ஆடிட்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.