திருடன் யார் என்பதை இரண்டாம் அத்தியாயத்திலேயே சொல்லுங்கள்

கேள்வி: கூட்டுறவு வங்கியில் அடகு நகையை எடுத்துக்கொண்டு கவரிங் வைத்துவிடும் நகை மதிப்பீட்டாளரைப் பற்றி 14 அத்தியாயக் கதை எழுதியிருக்கிறேன். திருடன் யாரென்பது கடைசியில்தான் தெரியும். ‘பாதியிலேயே சலிப்பு, ஆட்கள் பொம்மை மாதிரி’ என்கிறார்கள். 35,000 ரூபாய் கொடுத்தால் திருத்தி, அச்சிட்டு, ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்) வாங்கித் தருவதாக ஒரு பதிப்பகம் சொல்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இந்தக் கோளாறு அச்சடித்தால் தீராது.

என்ன ஆபத்து என்றே தெரியாத வாசகர் எதற்குப் பதறுவார்? எடுத்தது மதிப்பீட்டாளர்தான் என்பதை இரண்டாம் அத்தியாயத்திலேயே காட்டுங்கள். மூன்றாவதில், ‘பொண்ணுக்கு நிச்சயம், வெள்ளிக்கிழமை நகையைத் திருப்பிக்கிறேன்’ என்று ஒருவர் வந்து நிற்கட்டும். கெடு விழுந்துவிட்டது. பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் கையில். பொட்டலம் முத்திரையிடப்படும் முன்பே நகையை மாற்றிவிட்டதால் எடுப்பது சுலபமாக இருந்தது; திருப்பி வைப்பதுதான் கஷ்டம். மறுமதிப்பீடு என்று சொல்லிப் பொட்டலத்தை வெளியே எடுக்கப் பார்க்கிறார். ‘அப்படியானால் வேறு கிளையின் மதிப்பீட்டாளரைக் கூப்பிடுவோம்’ என்கிறார் மேலாளர். தப்பிக்க அவர் செய்யும் ஒவ்வொன்றும் இப்படி அடுத்த சிக்கலைக் கொண்டுவர வேண்டும். தற்செயல் அவரை மாட்டிவிடலாம், காப்பாற்றக் கூடாது. வெள்ளிக்கிழமைக் காட்சியில் அவசரப்படாதீர்கள். வட்டிக் கணக்கு, பணம் எண்ணுவது, இரண்டாம் சாவிக்காரர் சாப்பிடப் போயிருப்பது என்று ஒவ்வொன்றாக வரட்டும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. கதையை ‘நான்’ என்று சொல்வது ஒன்றுமறியாத மேலாளராக இருந்தால், திருட்டை நேராகக் காட்ட முடியாது. அவர் பார்க்கட்டும், ஆனால் புரிந்துகொள்ளாமல் இருக்கட்டும். மதிப்பீட்டாளர் ஸ்கூட்டரை விற்றுவிட்டுப் பஸ்ஸில் வருகிறார். வெள்ளிக்கிழமை யார் யார் வருவார்கள் என்று இரண்டு முறை கேட்கிறார். ‘பாவம், வேலைப்பளு’ என்று மேலாளர் நினைத்துக்கொள்கிறார். வாசகர் கணக்குப் போட்டுவிடுகிறார். இத்தகைய தடயங்கள் மூன்று போதும். தனித்தனி அத்தியாயத்தில், வேறு பேச்சின் நடுவே வையுங்கள். பத்தியின் கடைசி வரியில் வைத்தால் துருத்திக்கொண்டு தெரியும். ஆனால் அந்த ‘நான்’ மதிப்பீட்டாளரே என்றால், அவர் திருட்டை வாசகரிடம் மறைக்கக் கூடாது. எல்லாவற்றையும் நம்மிடம் சொன்னவர் இதை மட்டும் விழுங்கினார் என்று தெரிந்ததும் வாசகருக்குக் கதையின் மேலேயே நம்பிக்கை போய்விடும்.

பொம்மைத்தனத்துக்கு வருவோம். பணத்தாசை மட்டும் போதாது. உரைகல்லில் தன் கணிப்பு தவறாது என்ற கர்வத்தை அவருக்குக் கொடுங்கள். அந்தக் கர்வமே அவரைக் காட்டிக்கொடுக்கட்டும். மேலாளரிடம் ‘சார்’ என்று குழைபவர், நகை வைக்க வரும் கூலிக்காரப் பெண்ணிடம் எப்படிப் பேசுகிறார்? அங்கேதான் ஆள் தெரிவார். பிடித்த நிறம், ராசி என்று நூறு கேள்வி அச்சடித்த படிவத்தைப் பயிற்சிப் பட்டறைகளில் காசுக்கு விற்கிறார்கள். அதை நிரப்பி எந்தப் பாத்திரத்துக்கும் உயிர் வந்ததில்லை.

பதிப்பக விஷயம். ஐஎஸ்பிஎன் இந்தியாவில் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையிடம் ஆசிரியரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். பதிப்புரிமை எழுதியவுடனேயே உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. இலவச எண்ணைக் காட்டிப் பணம் பறிப்பது ஆண்டுக்கணக்காக நடக்கிறது.  ‘நூலக ஆணை (அரசு நூலகங்கள் புத்தகம் வாங்கும் உத்தரவு) வாங்கித் தருகிறோம்’ என்பவரை நம்பவே நம்பாதீர்கள். ஒப்பந்தத்தில், பதிப்பகத்துக்கு உரிமை கொடுக்கும் காலவரையைக் கட்டாயம் பாருங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி 5 ஆண்டுதான். ‘நிரந்தரமாக’ என்ற சொல் இருந்தால் அதை அடிக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.