மூளையே இல்லாத ஸ்லைம் மோல்டுக்கு புத்தி இருக்குன்னு சொல்றது ஓவர் இல்லையா?

ஓவர் இல்லீங்க. புத்தின்னாலே மூளைதான்னு நாமளா முடிவு பண்ணிக்கிட்டோம், சிக்கலே அங்கதான்.

ஸ்லைம் மோல்டுல பிஸாரம் பாலிசெஃபாலம்னு ஒரு வகை இருக்கு, மட்கின கட்டை மேல மஞ்சளா வலை மாதிரி படரும், பேருல மோல்ட், அதாவது பூஞ்சைன்னு இருந்தாலும் அது பூஞ்சை கிடையாது, அமீபா பக்கத்து சொந்தம். உள்ளங்கை அகலத்துக்கு பரவினாலும் அது ஒரே செல்தான், உள்ளுக்குள்ள எக்கச்சக்கமா நியூக்ளியஸ். மைக்ரோஸ்கோப்ல பார்த்தா அந்த குழாய்ங்கள்ல சாறு ஒரு பக்கமா ஓடும், நிக்கும், அப்புறம் திரும்பி ஓடும். ஓட்டம் அதிகமா இருக்கற குழாய் தடிக்கும், உபயோகம் இல்லாதது சுருங்கிடும். முடிவெடுக்கறது இந்த ஓட்டம்தான்.

2010ல ஜப்பான் விஞ்ஞானிங்க டோக்கியோவை சுத்தி இருக்கற ஊருங்க எங்கெங்க இருக்கோ அதே மாதிரி இதுக்குத் தீனியா ஓட்ஸை வச்சு நடுவுல இதை விட்டாங்க, மலை இருக்கற இடத்துல வெளிச்சம் அடிச்சாங்க ஏன்னா அதுக்கு வெளிச்சம் ஆகாது. ஒரு நாள் சொச்சத்துல அது போட்ட வலை, இஞ்சினியருங்க பல வருஷம் உழைச்சு போட்ட ரயில் பாதைக்கு சமமா நின்னுச்சு, ஒரு இணைப்பு அறுந்தாலும் சமாளிக்கற விஷயத்துலயும்தான்.

எனக்கு இதைவிட பெரிய ஆச்சரியம் அதோட ஞாபகம். போன வழியெல்லாம் ஒரு வழவழப்பை விட்டுட்டுப் போகும், திரும்ப அது தட்டுப்பட்டா இங்க ஏற்கனவே வந்தாச்சுன்னு விலகிடும். ஞாபகத்தை உடம்புக்கு வெளிய, தரையிலயே எழுதி வைக்குது. இதைப் போய் கீழ்நிலை உயிரினம்னு சொல்ல எனக்கு மனசு வரல.