வாசகர் கேள்வி – பதில்: இடும்பன்காரிக்கு ஒரு முன்கதை

கேள்வி: 'பொன்னியின் செல்வன்' இடும்பன்காரியை வைத்து ரசிகர் புனைகதை எழுதுகிறேன். சிறுவயதில் அநாதையானான், பட்டினி கிடந்தான் என்று அவனுக்கு முன்கதை வைத்தேன். படித்தவர்கள் "பாவம்தான், ஆனால் மனதில் நிற்கவில்லை" என்கிறார்கள். எங்கே கோளாறு? – வாசகி, மயிலாடுதுறை

பதில்: துன்பத்தை அவன் தலையில் கொட்டிவிட்டீர்கள், அவனாக எதையும் முடிவு செய்யவில்லை. பட்ட துன்பத்துக்கு வாசகர் "ஐயோ" என்பார், அவ்வளவுதான். அவன் எடுத்த முடிவுதான் அவரை உறுத்தும்.

முதல் பாகத்தில் 'இடும்பன்காரி' என்ற அத்தியாயத்தில் தொடங்கி, அவன் தலைகாட்டும் இடங்களையெல்லாம் நோட்டில் குறியுங்கள். என்ன செய்தான், யார் பார்த்தார்கள், அந்த நேரத்தில் அவனுக்கு என்னென்ன தெரியும் என மூன்று பத்திகள் போதும். கல்கி எழுதியதில் கைவைக்காதீர்கள். மூன்றாவது பத்தியில் விழும் இடைவெளிகளில்தான் உங்கள் கதைக்கு இடம்.

ஓர் உதாரணம். கடம்பூர் மாளிகையில் வேலைக்காரனாக இருந்துகொண்டே பாண்டியனின் ஆபத்துதவிகளுக்கு (பாண்டியனைக் கொன்ற சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைப் பழிவாங்கச் சபதமிட்ட மெய்க்காவலர்களுக்கு) உளவு பார்ப்பவன் அவன். சோழர் பக்கத்து ஒற்றன் ஆழ்வார்க்கடியானிடம், பாண்டியர் சின்னமான மீன்போலக் கைகளால் சாடை காட்டி ஆழம் பார்க்கிறான். அதே சாடையை மாளிகையில் அவனுக்குப் பரிவோடு சோறு போடும் சமையற்காரி ஒருநாள் பார்த்துவிடுகிறாள் என்று வையுங்கள். அவளைத் தப்பவிட்டால் கூட்டத்தார் அவன்மேல் சந்தேகப்படுவார்கள். கூட்டத்தின் தலைவன் ரவிதாஸனிடம் சொன்னால் அவள் உயிர் போகும். அவன் சொல்லிவிடட்டும். மறுநாள் அடுப்படிக்கு வேறொருத்தி வருகிறாள்; அவன் வழக்கமான இடத்தில் உட்காராமல் வாசலில் நின்றபடியே சாப்பிடுகிறான். அழுகையோ விளக்கமோ சேர்க்க வேண்டாம்.

3,000 சொல் கதையென்றால் முன்கதை 500 சொல்லைத் தாண்டக் கூடாது. அதையும் மூன்று துண்டாகப் பிரித்து, முதல் துண்டை அவன் கதையில் ஒரு கெடுதல் செய்த பிறகே வையுங்கள். முன்னாலேயே வைத்தால் வக்காலத்து வாங்குவதுபோல் ஆகிவிடும்.

இன்னொன்று: இவனை உயர்த்துவதற்காக ஆதித்த கரிகாலனை அரக்கனாக்கிவிடாதீர்கள். எதிரி கொடியவனாகிவிட்டால் இவன் செய்வது வெறும் நியாயம். பிறகு இவன் மனதில் போராட்டத்துக்கு இடமேது?

கேள்வி: சதிகாரர்களைப் பற்றி வரலாற்றில் ஏதாவது கிடைக்குமா? – வாசகர், சேலம்

பதில்: காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகிய உடன்பிறந்தவர்களை அது பெயர் சொல்கிறது. பரமேசுவரனுக்கு 'இருமுடிச்சோழ பிரமாதிராஜன்' என்ற பட்டம். சோழப் பெயரையே தாங்கியவன்! உறவினர்களின் சொத்துகூடத் தப்பவில்லை. கொலையில் கைவைக்காத ஒரு மாமனாரின் நிலம் பறிபோகிற நாளை எழுதிப் பாருங்கள். முன்கதையைவிடக் கனமான பின்கதை கிடைக்கும். இடும்பன்காரி அதில் இல்லை, அவன் கல்கியின் படைப்பு. அதனால் அவன் விஷயத்தில் உங்களுக்குக் கூடுதல் சுதந்திரம் உண்டு.

கேள்வி: அனுமதி வாங்க வேண்டுமா? – வாசகி, கோவை

பதில்: நாவலுக்கு வேண்டாம், கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை. திரைப்பட வசனங்களை மட்டும் எடுத்தாளாதீர்கள், அவற்றுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று: கதையில் வரும் சமையற்கட்டில் மிளகாய் வதக்கவும் வேண்டாம். அது போர்த்துகீசியர் வழியாகப் பல நூற்றாண்டு கழித்து வந்தது. 10-ஆம் நூற்றாண்டில் காரத்துக்கு மிளகுதான்.