குருவியின் பாட்டை எண்ணியவர்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

மார்ச் மாதம் வந்தால் எங்கே பார்த்தாலும் சாதனைப் பெண்களின் படங்கள். முதல் பெண் விமானி, முதல் பெண் மருத்துவர், முதலில் நோபல் வாங்கிய பெண். படிக்கும்போது பெருமையாகத்தான் இருக்கிறது. அடுத்த நிமிடமே ஒரு சோர்வும் வந்துவிடுகிறது. எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. படுக்கையில் இருக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்வதில் நாள் போகிறது. அம்மாவின் அறை ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் இப்போது துளிர்த்துக்கொண்டிருக்கிறது. ஒரு குருவி நார் கவ்விக்கொண்டு போவதும் வருவதுமாக இருக்கிறது. அதைப் பார்த்தால் மனம் லேசாகிறது. முதல் துளிர் வந்த தேதியை நான்கு வருடமாக ஒரு நோட்டில் குறித்தும் வைக்கிறேன். அவர்கள் வரலாற்றில் இருக்கிறார்கள், நான் ஜன்னலோரம் இருக்கிறேன். இரண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கிறதா?

ஒரு வாசகி
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள வாசகிக்கு,

நோட்டைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். மார்கரெட் மோர்ஸ் நைஸ் என்ற அமெரிக்கப் பெண்மணியின் நினைவு வந்ததுதான் காரணம். மார்ச் மாதப் படங்களில் அவரை அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள்.

1883-ல் பிறந்தவர். விலங்கியல் படித்தவர். திருமணமாகி ஐந்து பெண் குழந்தைகள். கணவருக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை, இவருக்கு வீடு. 1928-ல் ஒரு மகளை நிமோனியா கொண்டுபோய்விட்டது. குழந்தைக்கு ஒன்பது வயதுதான். அதே வருடம்தான் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில், வீட்டை ஒட்டி ஆற்றோரமாகப் புதர் மண்டிக் கிடந்த நிலத்தில், குருவிகளின் காலில் வளையம் போடத் தொடங்கினார். 'சாங் ஸ்பாரோ' என்று அங்கே சொல்லும் சின்னப் பாட்டுக்குருவி. வெவ்வேறு நிறத்தில் வளையம் போட்டுவிட்டால் தூரத்திலிருந்தே இது யார், அது யார் என்று தெரியும். வசந்தம் வந்ததும் எந்த ஆண் குருவி முதலில் பாடுகிறது, தன் இடத்தின் எல்லையை எதுவரை வைத்திருக்கிறது, யாரோடு சண்டை போடுகிறது, எத்தனை குஞ்சு பிழைக்கிறது என்று வருடம் தவறாமல் எழுதினார். ஒரே புதரில் வளர்ந்த குருவிகளில் சில குளிர்காலத்திலும் அங்கேயே தங்கிவிடும், சில தெற்கே போய்விட்டு வசந்தத்தில் திரும்பும் என்று கண்டுபிடித்தார்.

1935 மே மாதத்தில் ஒரு நாள், விடிவதற்கு முன் தொடங்கி இருட்டும் வரை ஒரே ஒரு ஆண் குருவியின் பின்னாலேயே இருந்து அது பாடியதை எண்ணினார். 2,305 முறை! இந்த எண்ணைப் படித்த அன்று எனக்கு வேறு எந்த வேலையும் ஓடவில்லை. ஒரு நாள் முழுவதும் ஒரு சின்ன உயிருக்குக் காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய அன்பு!

அதுவரை பறவையியல் என்பது பெரும்பாலும் சுட்டுச் சேகரித்த தோல்களும், எந்த இனம் எங்கே இருக்கிறது என்ற பட்டியலுமாக இருந்தது. ஒவ்வொரு பறவையையும் தனி ஆளாக, அதன் வாழ்நாள் நெடுகப் பின்தொடர்வது என்ற வழியை அழுத்தமாகக் காட்டியவர் நைஸ். அவருடைய ஆய்வு முதலில் அச்சானது அமெரிக்காவில் அல்ல, ஒரு ஜெர்மன் ஆய்விதழில். அப்புறம் 1937-லும் 1943-லும் இரண்டு பெரிய தொகுதிகளாக ஆங்கிலத்தில் வந்தது. இவ்வளவுக்கும் இந்த வேலைக்கு அவருக்குச் சம்பளம் என்று எதுவும் கிடையாது.

அவரையும் 'ஒரு பெரிய அமெரிக்கப் பறவையியல் சங்கத்தின் முதல் பெண் தலைவர்' என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். உண்மையான செய்திதான், 1938-ல் நடந்தது. ஆனால் 'முதல் பெண்' என்ற சொல் அதுவரை கதவை மூடி வைத்திருந்தவர்களைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. அவர் எதைப் பார்த்தார், எதற்காகக் காலையில் எழுந்தார் என்று அதில் ஒன்றும் இல்லை. படங்களைப் பார்த்து உங்களுக்குச் சோர்வு வருவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பதக்கத்தைக் காட்டுகிறார்கள், புதரைக் காட்டுவதில்லை.

இன்னொரு பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓல்கா ஓவன்ஸ் ஹக்கின்ஸ். மாசசூசெட்ஸில் தன் வீட்டை ஒட்டிய நிலத்தைப் பறவைகளுக்கென்று விட்டு வைத்திருந்தவர். 1957-ல் கொசு ஒழிப்புக்காக விமானத்திலிருந்து டிடிடி என்ற பூச்சிக்கொல்லி கலந்த மருந்து தெளித்தார்கள். அவருடைய தோட்டத்துப் பறவைகள் செத்து விழுந்தன. 1958 ஜனவரியில் அவர் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அதன் பிரதியைத் தன் தோழியும் எழுத்தாளருமான ரேச்சல் கார்சனுக்கும் அனுப்பினார். பூச்சிக்கொல்லிகள் செய்யும் கேட்டைப் பற்றிய கார்சனின் நூல் 'மௌன வசந்தம்' 1962-ல் வந்தது. இந்தப் பொருளுக்குத் தன்னைத் திரும்ப இழுத்தது அந்தக் கடிதம்தான் என்று கார்சன் நூலிலேயே சொல்கிறார்.

கார்சன் அதில் விளக்கும் சங்கிலி எளிமையானது. எல்ம் மரங்களுக்கு மருந்து தெளிக்கிறார்கள். இலையுதிர் காலத்தில் அந்த இலை மண்ணில் விழுகிறது. அதை மண்புழு தின்கிறது. வசந்தத்தில் திரும்பி வரும் ராபின் பறவை அந்தப் புழுவைத் தின்று சாகிறது. போன வருடம் எத்தனை ராபின் வந்தது என்று ஞாபகம் வைத்திருந்தவர்களால்தான் இந்த வருடம் சத்தம் குறைந்திருக்கிறது என்று சொல்ல முடிந்தது. நூலை எழுதும்போதே கார்சனுக்கு மார்பகப் புற்றுநோய். 1964 ஏப்ரலில் இறந்தார். அமெரிக்காவில் டிடிடியை வயல்களில் பயன்படுத்துவதற்குத் தடை வந்தது 1972-ல்.

தாவரவியலாளர் ஜானகி அம்மாளை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1940-களின் பிற்பாதியில் இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் இருந்தபோது மக்னோலியா என்ற பூமரத்தின் நாற்றுகளுக்குக் கால்சிசின் என்ற மருந்தைக் கொடுத்து, குரோமோசோம்களை இரட்டிப்பாக்கிப் பார்த்தார். அப்படி வந்த வெள்ளைப்பூ மக்னோலியா ஒன்றுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். அவர் மறைந்தது 1984-ல். வசந்தம் வந்தால் அது இன்றும் பூக்கிறது.

உங்கள் நோட்டும் ஒருநாள் வரலாறு ஆகும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது வெறும் ஆறுதல்தான். ஹக்கின்ஸ் வரலாற்றில் இடம்பிடிக்க எழுதவில்லை, பறவைகள் செத்தது பொறுக்காமல் எழுதினார். நீங்கள் கேட்ட சம்பந்தம் எனக்கு அங்கேதான் தெரிகிறது. அவர்கள் பார்த்த அதே பொருளைத்தான் நீங்களும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அம்மாவுக்கு மருந்து கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பும் அந்த இரண்டு நிமிடத்தைத் தயவுசெய்து சின்னதாக நினைக்காதீர்கள். முடிந்தால் அம்மாவின் கட்டிலை ஜன்னல் பக்கமாகக் கொஞ்சம் திருப்பிப் போடுங்கள், அவரும் பார்க்கட்டும்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். நார் கவ்விக்கொண்டு வரும் அந்தக் குருவி போன வருடம் வந்ததேதானா? இறகிலோ காலிலோ ஏதாவது அடையாளம் தெரிகிறதா? உங்கள் நோட்டில் துளிர் வந்த நான்கு தேதிகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி இருக்கின்றன? நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்