1,150 வெள்ளிக்கு ஒரு மரப்பெட்டி

கேள்வி: அண்ணனுக்கு வணக்கம். எனக்கு 27 வயது. ஊத்தான் மெலிந்தாங் பக்கம் செம்பனை ஆலையில் பாய்லர் வேலை. ஓவர்டைம் சேர்த்துக் கைக்கு 2,100 வெள்ளி வரும். எட்டு வருடம் நாளுக்கு அரைப் பெட்டி சிகரெட் பிடித்தேன். ஒன்பது மாதமாக அதைத் தொடவில்லை, 80 வெள்ளிக்கு வாங்கிய சின்ன போட் வேப்தான் (போட் என்ற குட்டிக் குப்பி மாட்டுகிற மின் சிகரெட்). அதில் ஊற்றுகிற வேப் தண்ணி 30 மில்லி புட்டி 32 வெள்ளி, பதினைந்து நாள் வரும். பத்து நாளைக்கு ஒரு முறை 15 வெள்ளிக்குப் போட் மாற்றுகிறேன். இப்போது தெலுக் இந்தானில் தெரிந்தவர் ஒருவர் 'டி.என்.ஏ.' என்று பேர் போட்ட சிப் வைத்த மரப்பெட்டி வேப் ஒன்றை 1,150 வெள்ளிக்குத் தருகிறேன் என்கிறார். 'ஹை எண்ட் சாமான், ஆயுசுக்கும் உழைக்கும், ருசியே வேறு, உடம்புக்கும் கெடுதல் குறைவு, வேண்டாம் என்றால் அதே விலைக்கு விற்கலாம்' என்று சொல்கிறார். 100 வெள்ளி முன்பணம் கொடுத்துவிட்டேன். மனைவிக்குத் தெரிந்து வீட்டில் சண்டை. அவருடைய சங்கிலி அடகில் இருக்கிறது. இரண்டு வயதில் மகள் இருக்கிறாள். வாங்கலாமா? இன்னொன்று, என் போட் அடிக்கடி ஒழுகுகிறது. என்ன காரணம்?
– பெயர் வேண்டாம், ஊத்தான் மெலிந்தாங்

பதில்: வாங்க வேண்டாம், தம்பி. கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், நாளைக்கே அந்த ஆள் வேறொரு காரணம் சொல்லி உங்களை மடக்கிவிடுவார். அதனால் பெட்டியைத் திறந்தே பார்த்துவிடலாம்.

திறந்து என்று சும்மா சொல்லவில்லை. ஆலையில் சார்ஜ்மேனாக 31 வருடம் இருந்தவன் நான். திருகாணியைக் கழற்றிப் பார்க்காமல் எதையும் நம்புகிற பழக்கம் இல்லை. என் அக்காள் மகன் இதே மாதிரி ஒரு பெட்டியை வாங்கி வந்தபோது, பசியாறிக்கொண்டிருந்த மேசையிலேயே நாளிதழை விரித்து நான்கு திருகாணிகளையும் கழற்றிவிட்டேன். (அவன் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.) உள்ளே இரண்டு 18650 பேட்டரி. அந்த எண்ணில் ரகசியம் ஒன்றும் இல்லை, 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். பழைய மடிக்கணினியிலும் நல்ல டார்ச் லைட்டிலும் இருப்பது இதே சாதிதான். அப்புறம் ஒரு சிப் பலகை, ஒரு பட்டன், சின்னத் திரை, சில வயர்கள். சாலிடர் வேலை சுத்தமாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது. வெளியே பிசின் ஏற்றி இறுக்கிய மரம், நீலமும் பழுப்பும் ஓடியது. ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. உங்களுக்கு ஆசை வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அந்தச் சிப்பும் நல்ல சிப்தான். எவால்வ் என்ற அமெரிக்க நிறுவனத்துடையது. 2014இல் அவர்கள் விட்ட டி.என்.ஏ. 40, சூட்டைக் கட்டுப்படுத்தும் வேலையைக் கொண்டுவந்தது. வேப்பில் தண்ணி ஊறிய பஞ்சை ஒரு கம்பி சூடாக்கித்தான் ஆவி வருகிறது. அந்தக் கம்பி சூடேறச் சூடேற அதன் ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) கூடும். எவ்வளவு கூடியது என்று பார்த்தே கம்பியின் சூடு எவ்வளவு என்று சிப் கணக்குப் போட்டுவிடும். பஞ்சு காய்ந்து கம்பி சட்டென்று கொதித்தால் கரண்டைக் குறைத்துவிடும். காய்ந்த பஞ்சு கருகினால் தொண்டையைப் பிய்க்கும் ஒரு நெடி வருமே, உங்களுக்கும் தெரிந்திருக்கும், அதில் வேண்டாத ரசாயனமெல்லாம் உண்டு. அதைத் தடுக்கிறது என்பதற்காக அந்த வேலைக்கு நான் மதிப்பெண் போடுவேன். ஆனால் நிக்கல், டைட்டானியம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகளில்தான் அது நடக்கும். பலரும் போடுகிற 'காந்தால்' என்ற வகைக் கம்பியில் ரெசிஸ்டன்ஸ் ஏறக்குறைய மாறுவதே இல்லை, சிப் எதை வைத்துக் கணக்குப் போடும்? என் அக்காள் மகன் அந்த வசதியை ஒரு நாள்கூடப் போட்டதில்லை. வாட் வைப்பான், பட்டனை அமுக்குவான், முடிந்தது. அந்த வேலையைச் செய்ய இன்று 150, 200 வெள்ளிப் பெட்டியே போதும். பத்து வருடத்துக்கு முன்னால் இருந்த இடைவெளி இப்போது இல்லை. மிச்சக் காசு மரத்துக்கும் பேருக்கும்.

ருசி என்கிறாரே, அது பெட்டியில் வருவதல்ல. காயில் என்கிற அந்தக் கம்பிச் சுருள், பஞ்சு, காற்று போகும் துவாரம், ஊற்றுகிற தண்ணி, இவைதான் ருசி. உங்கள் பாய்லரில் பிரஷர் எவ்வளவு சீராக நின்றாலும் லோரியில் வருவது பழுக்காத செம்பனைக் காய் என்றால் எண்ணெய் இறங்குமா?

இனிக் கணக்குக்கு வருவோம். அந்த ஆள் சொல்லாமல் விட்டது இதைத்தான். உங்கள் சின்ன போட்டில் நாளுக்கு 2 மில்லி போகிறது. மரப்பெட்டியை 60, 70 வாட்டில் வைத்து நெஞ்சு நிறைய இழுப்பவர்களுக்கு நாளுக்கு 10 மில்லி சர்வசாதாரணம். என் அக்காள் மகனுக்கும் அவ்வளவு போகிறது. 60 மில்லி புட்டி 45 வெள்ளி என்று வாங்குகிறான். மாதத்துக்கு ஐந்து புட்டி, 225 வெள்ளி. உங்களுக்கு இப்போது 64. இதில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. வேப் தண்ணிக்கு மில்லிக்கு 40 சென் கலால் வரி, நிக்கோட்டின் கலந்ததற்கு 2023 ஏப்ரலிலிருந்து. உங்கள் 60 மில்லிக்கு வரி 24 வெள்ளி, மரப்பெட்டிக்காரருடைய 300 மில்லிக்கு 120 வெள்ளி. அவ்வளவு ஊற்றிக் கூடுதலாக என்ன கிடைக்கிறது? போட்டுக்கு ஊற்றுவது மில்லிக்கு 30 மில்லிகிராம் என்று வையுங்கள், நாளுக்கு 60 மில்லிகிராம் நிக்கோட்டின். பெரிய பெட்டிக்கு 6 மில்லிகிராம் தண்ணி என்றால் பத்து மில்லிக்கு அதே 60. ஆக நிக்கோட்டின் ஒன்றுதான், தண்ணி மட்டும் ஐந்து பங்கு. மற்றதெல்லாம் மாமாக் கடை ஐந்தடியில் பக்கத்து மேசைக்காரர் முகத்தில் அடிக்கிற ஆவி.

அந்த மாமாக் கடையிலேயே அதை இழுக்கவும் முடியாது. 2019 ஜனவரியிலிருந்தே சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கத் தடை. 2024 அக்டோபர் 1இல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தில் வேப்பும் சிகரெட்டும் ஒரே வரிசை, தடை செய்த இடத்தில் இழுத்தால் 5,000 வெள்ளி வரை அபராதம் போடலாம்.

உடம்புக்குக் கெடுதல் குறைவு என்று அவர் சொன்னது அரைகுறை. 2015இல் இங்கிலாந்துப் பொதுச் சுகாதாரத் துறை, சிகரெட்டைவிட வேப்பில் கெடுதல் ஏறக்குறைய 95 விழுக்காடு குறைவு என்று ஒரு மதிப்பீடு சொன்னது. அந்த எண்ணைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு. அதை அப்படியே ஒப்புக்கொண்டாலும், அது சிகரெட்டோடு ஒப்பிட்டுச் சொன்னது, சுத்தமான காற்றோடு அல்ல. சிகரெட்டை விட்டதால் கிடைக்கிற நன்மையை நீங்கள் ஒன்பது மாதத்துக்கு முன்பே 80 வெள்ளிக்கு வாங்கிவிட்டீர்கள். 1,150 கொடுத்தால் அது கூடப்போவதில்லை. நெஞ்சுக்குள் போகிற ஆவிதான் கூடும்.

பயப்பட வேண்டியது லேபிள் இல்லாத தண்ணிக்கு. 2019இல் அமெரிக்காவில் வேப் இழுத்தவர்கள் நுரையீரல் கெட்டு மருத்துவமனைகளில் குவிந்தார்கள், 2020 பிப்ரவரிக்குள் 68 பேர் இறந்தார்கள். கள்ளச் சந்தையில் விற்ற கஞ்சாச் சத்துத் தண்ணியில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கியக் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். நம் நாட்டிலும் போதைப் பொருள் கலந்த வேப் தண்ணியைப் போலீஸ் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அதை ஊற்றினால் மரப்பெட்டி என்ன, தங்கப்பெட்டி என்ன.

அதே ஆள் அடுத்த முறை 'மெக்' என்று ஒரு பித்தளைக் குழாயைக் காட்டலாம், 'இது வெறும் 300தான்' என்று. அதைக் கையால்கூடத் தொடாதீர்கள். அதில் சிப்பே கிடையாது, பேட்டரியும் காயிலும் நேருக்கு நேர். நிரம்பிய பேட்டரி 4.2 வோல்ட். காயில் 0.1 ஓம் என்றால் 42 ஆம்பியர் பாயும். 18650 பேட்டரி நேர்மையாகத் தாங்குவது இருபதிலிருந்து முப்பது. உறையில் அச்சடித்திருக்கும் எண்ணை நம்பாதீர்கள், உறையை மாற்றி விற்கிற வியாபாரம் ஒன்று தனியாக நடக்கிறது. 2018 மே மாதம் ஃப்ளோரிடாவில் ஒருவர் வேப் வெடித்துத் துண்டு தலைக்குள் பாய்ந்து இறந்தார். ஆலையில் ஃபியூஸ் இல்லாத லைனைத் தொடுவீர்களா?

அதே விலைக்கு விற்கலாம் என்கிறாரே, யாரிடம் விற்பது? ஜொகூரில் 2016 தொடக்கத்திலிருந்தே வேப் விற்பனைக்குத் தடை. கிளந்தானிலும் தடை. திரெங்கானுவும் பெர்லிஸும் 2025 ஆகஸ்ட் 1இல் சேர்ந்துகொண்டன. நாடு முழுவதும் தடை செய்வது பற்றிச் சுகாதார அமைச்சு பேசிவருகிறது. வாங்குகிற ஆள் குறைந்துகொண்டே போகிற சாமானை இப்போது உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒருவேளை அவரும் இன்னொருவரிடம் இதே வசனத்தைக் கேட்டு வாங்கியிருக்கலாம், பாவம். இன்னொரு சங்கதி, பள்ளி விடுமுறைக்கு ஹாட்யாய் போகிறவர்கள் அதிகம் நம் பக்கம். தாய்லாந்து 2014லேயே இதைக் கொண்டுவரத் தடை போட்டுவிட்டது. சிங்கப்பூரில் 2018 முதல் கையில் வைத்திருப்பதே குற்றம். ஆயுசுக்கும் உழைக்கும் சாமானை எல்லை தாண்டினால் வீட்டில் விட்டுத்தான் போக வேண்டும்.

உங்கள் மனைவி விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தில் அவரைப் பற்றி இரண்டே வரி எழுதினீர்கள், எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது. முத்திரை ஒட்டிய சிகரெட் ஒரு பெட்டி 17 வெள்ளிக்கு மேல். அரைப் பெட்டி என்றால் மாதம் 255 ஆகியிருக்கும். இப்போது தண்ணிக்கு 64, போட்டுக்கு 45, சேர்த்து 109. மாதம் 146 வெள்ளி மிச்சம். ஒன்பது மாதத்தில் 1,300 வெள்ளிக்கு மேல். அந்த ஆள் கேட்கிற 1,150ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிகரெட்டை விட்டு நீங்கள் மிச்சம் பிடித்த காசு அப்படியே போகிறது. உங்கள் மனைவிக்கு இந்தக் கணக்கு மனப்பாடமாக இருக்கும், சந்தேகமே வேண்டாம். அடகுக்கடையில் சட்டப்படி மாதம் நூற்றுக்கு 2 வெள்ளி வரை வட்டி, ஆறு மாதத்தில் மீட்க வேண்டும். சீட்டை எடுத்துத் தேதியைப் பாருங்கள், இன்றைக்கே.

முன்பணம் 100ஐத் திருப்பிக் கேளுங்கள். கொடுத்தால் சரி. இழுத்தடித்தால் விட்டுத் தொலையுங்கள், 100ஐக் காப்பாற்ற 1,050 கொடுக்கிற முட்டாள்தனம் மட்டும் வேண்டாம்.

மகளுக்கு இரண்டு வயது என்கிறீர்கள். மாம்பழ வாசம், வண்ணப் படம் ஒட்டிய குட்டிப் புட்டி, அந்த வயதுப் பிள்ளைக்கு அது மிட்டாய்தான். 30 மில்லி புட்டியில் 30 மில்லிகிராம் வீதம் 900 மில்லிகிராம் நிக்கோட்டின் இருக்கிறது. ஒரு வாய் உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து. 2023 வரை இந்த நிக்கோட்டின் தண்ணி நச்சுப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இருந்தது. பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதால் நஞ்சு இல்லாமல் போய்விடாது. சாமி மேடை உயரம்கூடப் போதாது, பூட்டுப் போட்ட இடத்தில் வையுங்கள்.

ஒன்பது மாதம் சிகரெட் இல்லாமல் இருந்தவருக்கு மீதியையும் விட முடியும். அடுத்த புட்டி வாங்கும்போது ஒரு படி குறைந்த நிக்கோட்டின் கேளுங்கள், ஒரு மாதம் கழித்து இன்னும் ஒரு படி. அரசாங்க கிளினிக்கில் எம்குவிட் என்று புகைப்பழக்கத்தை விடுவதற்கான சேவை இருக்கிறது, வேப்புக்காரர்களும் போகலாம். ஷிப்ட் முடிந்த கையோடு ஒரு முறை போய்ப் பேசுங்கள். நிக்கோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டுகிற பட்டை எல்லாம் அங்கே விசாரிக்கலாம்.

ஒழுகுகிற போட்: மோட்டார் கூடையிலும் பாய்லர் பக்கத்திலும் வைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சூட்டில் தண்ணி இளகும், உள்ளே இருக்கும் காற்று விரிந்து அதை வெளியே தள்ளும். நிழலில், நிமிர்த்தி வையுங்கள். விளிம்பு வரை ஊற்றாமல் கொஞ்சம் இடம் விடுங்கள். போட்டைக் கழற்றி அடியில் இருக்கும் பித்தளைப் புள்ளிகளை டிஷ்யூவால் துடையுங்கள், ஈரம் அங்கே தங்கினால் சாமானே கெடும். அதற்கும் அடங்கவில்லை என்றால் ஊற்றும் துளையை மூடுகிற ரப்பரைப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் தளர்ந்திருக்கும். 15 வெள்ளிப் புது போட் போட்டால் சரியாகிவிடும்.